லினக்ஸ் லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகிறதா? நின்றது திரையா, மெஷினா என்று முதலில் பாருங்கள்

வீடியோ எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பிடிஎஃப்பைத் திறந்து நிம்மதியாகப் படிக்க உட்கார்ந்தால் திரை அப்படியே நின்றுவிடும். உபுண்டு போட்ட என் பழைய இன்டெல் லேப்டாப் இப்படித்தான் படுத்திக்கொண்டிருந்தது. நானும் ஒவ்வொரு முறையும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவேன். கடைசி சில நொடிகளின் லாக் (மெஷின் தானே எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பு) டிஸ்க்கில் ஏறாமலே போகும் என்பது அப்போது உறைக்கவில்லை.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.)

படி 1: உயிர் இருக்கிறதா?

ஹேங் ஆனதும் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறதா? அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நன்றாகவே இருக்கிறது, சிக்கியது கிராபிக்ஸ் மட்டும்தான். அங்கேயே லாகின் செய்து 'சூடோ டிமெசேஜ்' (டி, எம், இ, எஸ், ஜி) கொடுத்தால் சூட்டோடு சூடாகக் காரணம் கிடைக்கலாம்.

மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது, டிஸ்க் விளக்கு ஓயாமல் மினுக்குகிறது என்றால் கிராபிக்ஸைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் ரேம் நிரம்பி ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடத்தில்) திணறுகிறது. 4 ஜிபி ரேமில் முப்பது டேப் திறந்தால் எந்த டிரைவர் வந்தும் காப்பாற்றாது. 'ஃப்ரீ -ஹெச்' போட்டுப் பாருங்கள்.

படி 2: எதற்கும் அசையவில்லை என்றால்

ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று இரண்டு இரண்டு நொடி இடைவெளியில் தட்டுங்கள் (சில கீபோர்டுகளில் எஃப்என் சாவியும் வேண்டும்). லாக் டிஸ்க்கில் எழுதப்பட்டு, டிஸ்க் பத்திரமாகி, மெஷின் ரீபூட் ஆகும். பலர் சொல்லும் ஆறெழுத்து வரிசையில் (ஆர், இ, ஐ, எஸ், யு, பி) முதல் மூன்று எழுத்துகள் உபுண்டுவில் வேலை செய்யாது. எந்த எழுத்துகளுக்கு அனுமதி என்று சொல்லும் அமைப்பின் இயல்பு மதிப்பு அங்கே 176, அதாவது 16 + 32 + 128. அதில் எஸ், யு, பி மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி.

படி 3: போன பூட்டின் லாக்

'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 -இ'. இதில் வரும் பி, பூட் என்பதன் முதல் எழுத்து. -1 என்றால் இதற்கு முந்தைய பூட். கடைசி வரிகளிலிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள். இன்டெல் என்றால் 'ஜிபியு ஹேங்' என்று வரும் (ஜிபியு என்பது கிராபிக்ஸ் சிப்). ஏஎம்டியில் 'ரிங்', 'டைம்அவுட்' என்ற சொற்கள் ஒரே வரியில் இருக்கும். என்விடியாவின் சொந்த டிரைவர் 'எக்ஸ்ஐடி' என்று ஒரு எண்ணோடு எழுதும். 79 என்றால் கார்டு பஸ்ஸிலிருந்தே (அதை மெஷினோடு இணைக்கும் பாதையிலிருந்தே) காணாமல் போய்விட்டது என்று அர்த்தம், அதற்குப் பவர், சூடு பக்கம் பாருங்கள்.

எதுவுமே இல்லாமல் லாக் சட்டென்று அறுந்து நின்றால் அதுவும் ஒரு தடயம்தான். ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் நிரல்) ஓடட்டும்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

முதலில் பழைய கர்னல். பூட் ஆகும்போது எஸ்கேப் (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்) அழுத்தி, கிரப் (கர்னலை ஏற்றும் பூட் நிரல்) மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஹேங் வரவில்லை என்றால் அப்டேட்தான் குற்றவாளி.

என் விஷயத்தில் பழைய கர்னலிலும் வந்தது. திரை அசையாமல் இருக்கும்போது மட்டும் வருகிறதே என்று யோசித்தபோதுதான் பிஎஸ்ஆர் (பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்) நினைவுக்கு வந்தது. காட்சி மாறாதபோது பேனல் தன் சொந்த நினைவகத்திலிருந்து படத்தைக் காட்டிக்கொள்ளும், ஜிபியு பக்கம் தூங்கப் போகும். அந்தத் தூக்கத்திலிருந்து சரியாக எழாத பேனல்கள் உண்டு.

பிஎஸ்ஆரை அணைத்துச் சோதிக்க: கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயப்பட வேண்டாம். மாற்றம் ஏறியதா என்று 'கேட் /புராக்/சிஎம்டிலைன்' காட்டும் (புராக் என்பதை பி, ஆர், ஓ, சி என்று தட்டவும்).

'நோமோட்செட்' போடு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது முறையான கிராபிக்ஸ் டிரைவரையே ஓரங்கட்டிவிடும். ஹேங் போகலாம், கூடவே வேகமும் போகும். திரையே வராத மெஷினில் உள்ளே நுழைய மட்டும் அது போதும்.

படி 5: காத்திருங்கள்

இரண்டு நாளுக்கு ஒரு முறை வந்த ஹேங், ஒரு நாள் வராததால் தீர்ந்துவிடாது. குறைந்தது பத்து நாளாவது ஓட்டிப் பாருங்கள். வந்தால் மணியைக் குறித்து வையுங்கள், லாக்கில் தேட உதவும். வராவிட்டால் அதே 'ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0' சொல்லை '/இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில், 'ஸ்பிளாஷ்' இருக்கும் வரியில் மேற்கோள் குறிக்குள் சேர்த்துவிட்டு 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

என் லேப்டாப்பில் இப்போது பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது. பிடிஎஃப் மட்டும் நிற்காமல் படிக்க முடிகிறது.