பணம் எந்த வாரம் தீரும்? நேரியல் சமன்பாட்டில் கணிக்கும் வழி

ஒதுக்கிய பணம் எந்த வாரம் தீரும் என்று நான் முதலில் போட்ட கணக்கு கிட்டத்தட்ட 5 வாரம் பிசகியது. அதைச் சரிசெய்த பிறகு எழுதுகிறேன்.

வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு செலவானால்தான் இந்த முறை பொருந்தும். வரைபடத்தில் நேர்கோடாக வரும் சமன்பாடு இது:

மீதி = தொடக்கத் தொகை − (வாரச் செலவு × வாரம்)

1. இரண்டு வாரங்களின் மீதியைக் குறியுங்கள். 3 வாரம் முடிந்தபோது 9,900, 8 வாரம் முடிந்தபோது 6,400 என்று வைத்துக்கொள்வோம்.

2. 5 வாரத்தில் 3,500 குறைந்திருக்கிறது. வாரத்துக்கு 700. மீதி இறங்குவதால் சாய்வு, அதாவது வாரத்துக்கு வாரம் மீதி மாறும் அளவு, −700.

3. முதல் 3 வாரத்தில் 2,100 செலவாகியிருக்கும். அதை 9,900 உடன் கூட்டினால் 12,000. இதுதான் வெட்டுத்துண்டு, அதாவது தொடக்கத் தொகை.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். முழுத் தொகையும் கையில் இருந்த நாளை ‘வாரம் 1’ என்று எழுதிவிட்டேன். 12,000 இலிருந்து 9,900 வர உண்மையில் 3 வாரம் ஆனது. என் அட்டவணையிலோ 2 வாரம்தான். சாய்வு −1,050 ஆகிவிட்டது, 13ஆவது வாரத்திலேயே பணம் தீர்ந்துவிடும் என்று வந்தது. நல்லவேளை, வெட்டுத்துண்டு 13,050 என்று வந்ததைக் கவனித்தேன். கையில் ஒருநாளும் இல்லாத தொகை அது! செலவு தொடங்காத நாள் எப்போதும் வாரம் 0. வந்த வெட்டுத்துண்டை உண்மையான தொடக்கத் தொகையோடு ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. மீதி 0 என்று வையுங்கள். 12,000 ÷ 700 = 17.14. 17 வாரம் தாங்கும், 18ஆவது வாரத்துக்குக் கையில் 100தான் இருக்கும்.

எக்செலில் ஸ்லோப் (சாய்வு), இன்டர்செப்ட் (வெட்டுத்துண்டு) ஃபங்ஷன்கள் இதையெல்லாம் நொடியில் செய்யும். மீதி நெடுவரிசையை முதலிலும் வாரத்தை அடுத்தும் கொடுக்க வேண்டும். ஆனாலும் முதல் தடவை வரைபடத்தாளில் போடுங்கள் என்றே சொல்வேன். கோடு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் என் தவறு உங்களுக்கு வராது.

பின்சேர்க்கை: நடுவில் ஒரு பெரிய செலவு வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 10ஆவது வார முடிவில் தனியாக 1,500 போனதாக வைத்துக்கொள்வோம். சாய்வு மாறாது, கோடு மட்டும் கீழே இறங்கும்: மீதி = 10,500 − 700 × வாரம். பணம் சரியாக 15 வாரத்தில் தீரும். இரண்டு புள்ளிகளையும் அந்தச் செலவுக்கு ஒரே பக்கத்தில் எடுங்கள். 8, 12 என்று இருபுறமும் எடுத்தால் வாரச் செலவு 1,075 என்று தவறாக வரும்.