பழைய டர்ட் பைக்: முன் ஃபோர்க் ஸ்பிரிங் மாற்றியது

பிரேக் பிடித்தால் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்க் கால்கள்) குபுக்கென்று அமுங்கியது. முதலில் ஸ்பிரிங் மேல் நீளமான ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் துண்டு) வைத்தேன். வண்டி உயர்ந்து நின்றதே தவிர, அமுங்குவது குறையவில்லை. பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது, வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். ஸ்பிரிங்கின் விறைப்பை அல்ல.

ஹெல்மெட், பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து அளந்தால் 300 மி.மீ. டிராவலில் (ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த தூரம்) 95 மி.மீ. இறங்கியது. 65 முதல் 75 வரை இருந்தால் போதும். அதனால் பழைய 0.38-ஐ விட்டு 0.44 கிலோ/மி.மீ. (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான எடை) ஸ்பிரிங் வாங்கினேன். கம்பியின் தடிமனை அலட்சியப்படுத்தாதீர்கள்: சுருள் அளவு மாறாமல் 4.5 மி.மீ. கம்பி 4.7 ஆனாலே விறைப்பு சுமார் 19% ஏறும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் குழாயைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திய பிறகே ஃபோர்க் மூடியைத் திருகுங்கள். கிளாம்ப் இறுகியிருந்தால் மூடியின் மரை பிடித்துக்கொள்ளும். கடைசி இரண்டு மரைக்கு உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், முகத்தை மேலே நீட்ட வேண்டாம். ஸ்பிரிங் மூடியை எகிறவைக்கும்.

வெளியே வந்த ஆயில் சாம்பல் நிறத்தில், மீன் நாற்றத்தோடு இருந்தது. புது ஆயில் ஊற்றி, காற்று வெளியேற டியூப்பைப் பத்து தடவை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஆயில் மட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல், டியூப்பை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். எத்தனை மி.மீ. என்பதற்கு வண்டியின் மேனுவல்தான் கணக்கு. இரண்டு காலிலும் ஒரே மட்டம்.

ஆக்ஸில் பிஞ்ச் போல்ட்டை (சக்கர அச்சை ஃபோர்க் காலில் இறுக்கிப் பிடிப்பது) இறுக்குமுன் ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கால்கள் கோணலாக நின்று, புது ஸ்பிரிங்கும் பிடித்துப் பிடித்துத்தான் நகரும்.