ஆட்9 கார்டு: ஒரே ஒரு சுரம் கூட்டினால் போதும்

மேஜர், மைனர் கார்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கைக்கு வந்துவிட்டதா? அடுத்து ஆட்9 (add9) பழகுங்கள். செவன்த் கார்டுகள்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இது அவ்வளவு சுலபம், அவ்வளவு அழகு.

முதலில் சி மேஜர் ஸ்கேலை எண்ணுங்கள். சி 1, டி 2, ஈ 3 என்று போனால் மேல் சி 8, அதற்கடுத்த டி 9. சி மேஜர் கார்டில் இருப்பவை 1, 3, 5, அதாவது சி, ஈ, ஜி. அதோடு அந்த 9-ஐச் சேர்த்தால் சி, ஈ, ஜி, டி. சி ஆட்9 தயார்.

கீபோர்டில் இடது கையால் கீழே சி-யை அழுத்துங்கள். வலது கையில் ஈ, ஜி, மேல் டி. சத்தம் அடங்கும்வரை கேளுங்கள். இப்போது அந்த டி-யைக் கீழே இறக்கி, டி, ஈ, ஜி என்று வாசியுங்கள். டி-யும் ஈ-யும் பக்கத்துப் பக்கத்தில் உரசுவது கேட்கிறதா? கார்டு மாறவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது. எனக்கு இந்த நெருக்கமான அமைப்புதான் அதிகம் பிடிக்கும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் சி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள். ச, ரி2, க3, ப. மோகன ராகத்தின் சுரங்களில் தைவதம் மட்டும்தான் இதில் இல்லை!

கிட்டாரில் வழக்கமான சி கார்டைப் பிடியுங்கள். இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டு, அதே கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் சுண்டுவிரலை வையுங்கள். அதுதான் டி. ஆறாவது கம்பியைத் தொட வேண்டாம்.

பெயரில் குழம்பாதீர்கள். சி9 என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் பி ஃபிளாட்டும் சேரும். அது எஃப் கார்டுக்குப் போகத் துடிக்கும். சி சஸ்2-இல் ஈ கிடையாது, அதன் இடத்தில் டி. ஆட்9-இல் ஈ அப்படியே இருப்பதால் மேஜரின் குணம் போகாது.

சி ஸ்கேல் பாட்டில் சி, எஃப், ஜி மூன்றிலும் தைரியமாகப் போடலாம். எஃப் ஆட்9 என்றால் எஃப், ஏ, சி, ஜி. ஜி ஆட்9 என்றால் ஜி, பி, டி, ஏ. ஈ மைனரில் மட்டும் கவனம்: அதற்கு 9-ஆவது சுரம் எஃப் ஷார்ப், சி ஸ்கேலில் அது இல்லை. அங்கே சாதாரண ஈ மைனரே போதும்.