டெலிவரி வேலை: கூலியைக் கோட்டை விடுவது எங்கே?

லண்டனில் வான் ஓட்டிப் பார்சல் போடுபவருக்குக் காசு வராமல் போனால், பெரும்பாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான்: "நான் செல்ஃப் எம்ப்ளாய்ட்தானே, யாரிடம் போய்க் கேட்பது?" முதலாளி சொல்ல வேண்டிய வசனத்தை ஓட்டுநரே சொல்லிவிடுகிறார்.

பிரித்தானியச் சட்டத்தில் ஊழியருக்கும் சுயதொழில்காரருக்கும் நடுவில் 'வொர்க்கர்' என்றொரு நிலை இருக்கிறது. அதில் வருபவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பும் உண்டு. கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் இதை முடிவு செய்யாது. 2021 பிப்ரவரியில் உபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தாளிலிருந்து தொடங்கவில்லை. கட்டணத்தை யார் வைக்கிறார்கள், சவாரியை மறுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தது. ஓட்டுநர்கள் வென்றார்கள். 2018இல் லீட்ஸில், வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் ஹெர்மிஸ் நிறுவனத்தின் பார்சல்காரர்களும் வென்றார்கள். அதே 2018 வரை டிபிடி பார்சல் நிறுவனம், பதில் ஆள் இல்லாமல் ஒரு நாள் வராதவருக்கு 150 பவுண்ட் தண்டம் போட்டுக்கொண்டிருந்தது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு லீவு போட்டால் தண்டமா?

அதற்காக எல்லா வழக்கும் வெல்லும் என்று இறங்கிவிடவும் கூடாது. சங்கம் மூலம் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை கேட்டுப் போன, ஆப் மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ ரைடர்கள் 2023 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை அவர்களுக்கு நிஜமாகவே இருந்ததுதான் முக்கியக் காரணம். உங்கள் தாளிலும் அந்த வரி இருக்கலாம். ஆனால் மச்சானை அனுப்பினால் டிப்போ வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் அது வெறும் அலங்காரம். "நீயே வரணும்" என்று மேனேஜர் அனுப்பிய மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. நாளுக்கு 130 பவுண்ட், பத்து மணி நேர வேலை என்று வைப்போம். மணிக்கு 13. இருபத்தொரு வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சம் 12.71 என்பதால் பரவாயில்லை போலத் தெரியும். வான் வாடகை 30, டீசல் 15 உங்கள் கையிலிருந்து போனால்? மீதி 85, மணிக்கு எட்டரை. 'வொர்க்கர்' என்று நிரூபித்தால், வேலைக்காக நீங்கள் செய்யும் இப்படிப்பட்ட செலவையும் கழித்துவிட்டுத்தான் குறைந்தபட்சக் கூலி வந்ததா என்று பார்ப்பார்கள். டிப்போவில் லோடுக்காகக் காத்து நின்ற நேரத்தையும் எழுதி வையுங்கள்; பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வானில் கீறல் என்று பிடிக்கும் காசும் அப்படித்தான். ஒப்பந்தத்திலோ வேறு எழுத்திலோ முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாத பிடித்தத்தைக் கேள்வி கேட்கலாம்.

படிக்க வந்த பிள்ளைகள் செய்வது இதைவிட ஆபத்தானது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி கிடையாது. அதனால் இன்னொருவருடைய டெலிவரி ஆப் அக்கவுன்ட்டை வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். காசு அந்த 'அண்ணன்' கணக்குக்குப் போகும். அவர் தராவிட்டால் கேட்கப் போகும் இடமெல்லாம் முதலில் விசாவைப் பற்றித்தான் பேச்சு வரும்.

சரி, புகார் செய்யலாம் என்று முடிவெடுத்தால், யார் மீது? "ரவி அண்ணா டிப்போ" என்று போனில் சேமித்த பெயர் எதற்கும் உதவாது. காசு போட்ட கம்பெனியின் பதிவுப் பெயரை பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள், கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். சின்ன சப்கான்ட்ராக்டர்கள் கம்பெனியை மூடிவிட்டு வேறு பெயரில் திறப்பதுண்டு. பதிவிலிருந்து நீக்க விண்ணப்பித்திருந்தால், கடன் பாக்கி இருப்பவர் என்ற முறையில் நீங்கள் ஆட்சேபிக்கலாம்.

"அடுத்த வாரம் தருகிறேன்" என்பதை நம்பி நாளைக் கடத்துவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். தீர்ப்பாயத்துக்கு நெடுங்காலமாக இருந்துவரும் கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. 2025இல் வந்த சட்டம் அதை ஆறு மாதமாக்க வழி செய்திருக்கிறது. அதை நம்பி உட்கார வேண்டாம். தீர்ப்பாயத்துக்குப் போகுமுன், வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். அங்கேயும் தீர்ப்பாயத்திலும் கட்டணம் இல்லை. ஆப்பை முடக்கிவிட்டார்கள், பழைய ரூட் விவரம் கையில் இல்லை என்றால், உங்களைப் பற்றிய தரவைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும்.