கார்ட்டிங்கிலிருந்து தொழில்முறை ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்துக்கு: இளம் ஓட்டுநருக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

கார்ட்டிங், அதாவது சிறிய திறந்த பந்தய வண்டியான கார்ட் ஓட்டுதல், தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் கனவு ஃபார்முலா 1 ஆகத்தான் இருக்கும். அங்கே உலகம் முழுவதற்கும் சேர்த்து இருபது, இருபத்திரண்டு இருக்கைகளே உள்ளன. ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடும், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மட்டும் அண்மை ஆண்டுகளில் 62 கார்கள் ஓடியிருக்கின்றன. ஒரு காருக்கு மூவர் என்று வைத்தால் 186 ஓட்டுநர்கள். அவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள் அல்லர் என்றாலும், பந்தயம் ஓட்டியே வாழ்க்கை நடத்த விரும்பும் ஓர் இளைஞருக்கு ஸ்போர்ட்ஸ் கார் உலகில் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

ஆனால் இந்த உலகம் எதிர்பார்க்கும் திறமை வேறு. இங்கே கார் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இருவரோ மூவரோ மாறி மாறி ஓட்டும் கார் அது. ஒரே ஒரு சுற்றில் எல்லோரையும் மிஞ்சும் வேகத்தைவிட, ஒரு மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டி, டயரையும் பிரேக்கையும் பாழாக்காமல், காரை முழுதாக அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் நம்பகத்தன்மைக்கே அணிகள் பணம் தருகின்றன. அந்த நம்பகத்தன்மையைப் பதினெட்டு வயதில் திடீரெனக் கற்றுக்கொள்ள முடியாது. கார்ட் ஓட்டும் வயதிலேயே அதற்கான பழக்கங்கள் தொடங்க வேண்டும்.

கார்ட்டிங்கில் உண்மையில் கற்க வேண்டியவை

பெரும்பாலான நாடுகளில் ஆறு முதல் எட்டு வயதுக்குள் மினி வகுப்பில் தொடங்கலாம். அதன்பின் ஜூனியர், சீனியர் என்று வகுப்புகள் உயரும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற ஒரே வகை எஞ்சின் வகுப்புகள் செலவைக் கட்டுக்குள் வைக்கும். சர்வதேச அளவிலான ஓகே வகுப்பில் 125 சிசி எஞ்சின் கிளட்ச் இல்லாமல் நேரடியாகச் சக்கரத்தை இயக்கும். கேஇசட் வகுப்பில் ஆறு கியர்களும் நான்கு சக்கர பிரேக்கும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்தான் இலக்கு என்றால், ஒரே வகை எஞ்சின் வகுப்பில் நிறைய நாட்கள் ஓட்டுவது, விலை உயர்ந்த வகுப்பில் சில பந்தயங்களில் மட்டும் தலைகாட்டுவதைவிட நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கார்ட்டில் சஸ்பென்ஷனும் இல்லை, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருந்தும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, முன்சக்கர அமைப்பின் கோணங்களும் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) நெகிழ்வும் சேர்ந்து உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்கிவிடுகின்றன. அதனால்தான் கார்ட் திரும்புகிறது. சக்கரம் உரிய நேரத்தில் எழுந்து, உரிய நேரத்தில் இறங்கினால் எஞ்சின் தடையின்றி வேகமெடுக்கும். தேவைக்கு மேல் திருப்பினாலோ, திருப்பியதை நேராக்கத் தாமதித்தாலோ, எஞ்சின் மூச்சுத் திணறுவது போன்ற ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டவுடனேயே தன் கைகள் என்ன செய்தன என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, எடை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் எந்தக் காரில் உட்கார்ந்தாலும் அந்தப் புரிதல் உடன் வரும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு முறை தடத்திலிருந்து வந்தவுடனும், சுற்று நேரத் தாளைப் பார்ப்பதற்கு முன்பே, பிள்ளை தானாக மூன்று செய்திகளை எழுத வேண்டும்: வளைவுக்குள் நுழையும்போது கார்ட் எப்படி நடந்துகொண்டது, நடுவில் எப்படி, வெளியேறும்போது எப்படி. அதன் பிறகே டயர் அழுத்தமும் நேரங்களும் அதே பக்கத்தில் சேர வேண்டும். “முன்பக்கம் பிடிக்கவில்லை” என்று சொல்வதற்கும், “பிரேக்கை விட்ட பிறகு, ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு முன்பு, முன்பக்கம் வெளியே தள்ளுகிறது” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஒரு பொறியாளரின் வேலை அடங்கியிருக்கிறது. பெற்றோர் இந்த இடத்தில் பொறுமை காக்க வேண்டும். பிள்ளை பேசி முடிக்கும் முன் தந்தையே மெக்கானிக்கிடம் விளக்கம் சொல்லிவிட்டால், பிள்ளைக்கு அந்த மொழி வரவே வராது.

புதிய டயருக்கும் கூடுதல் எஞ்சினுக்கும் பணம் கொட்டி வாங்கும் கோப்பைகளைவிட, பழைய டயரில் நீண்ட நேரம் ஓட்டும் பயிற்சி இந்தப் பாதைக்கு அதிகம் உதவும். இருபது சுற்றுகள் ஓட்டி, அவற்றில் மிக வேகமான சுற்றுக்கும் மிக மெதுவான சுற்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதையே ஒரு நாள் முழுவதற்குமான இலக்காக வைக்கலாம். மழை பெய்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். ஈரத் தடத்தில் கிடைக்கும் கற்றல் வேறெங்கும் கிடைக்காது. உங்கள் பகுதியில் குழுவாக ஓட்டும் நீள்நேர கார்ட் பந்தயங்கள் நடந்தால், அவற்றில் ஆண்டுக்கு ஒன்றிரண்டிலாவது பங்கெடுக்கச் செய்யுங்கள்.

பதினைந்து வயதில் பிரியும் பாதை

ஃபார்முலா 1 நோக்கிய ஏணியின் முதற்படிகளில் ஒன்றான ஃபார்முலா 4 கார் ஓட்டப் பொதுவாகப் பதினைந்து வயது நிரம்ப வேண்டும். அதற்குத் தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்பிடமிருந்து உரிமம் பெற வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஃபார்முலா 4 நல்ல பள்ளி. வரிப்பள்ளங்கள் இல்லாத ஸ்லிக் டயர், இறக்கைகள் தரும் கீழ்நோக்கிய அழுத்தம், காரின் உணரிகள் பதிவுசெய்யும் டேட்டாவைப் பொறியாளருடன் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் அது கற்றுத் தரும். ஓராண்டு, மிஞ்சிப் போனால் ஈராண்டு, அங்கே ஓட்டுவது பயனுள்ளது. அதற்கு மேல் ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று ஏறும்போது செலவு மளமளவென்று உயரும். முன்வரிசையில் போட்டியிடும் வேகமும் முழுப் பருவத்துக்கான பணமும் கையில் இல்லாமல் அந்தப் படியில் கால் வைப்பதைவிட, மிச்சமிருக்கும் பணத்தோடு பத்தொன்பது வயதுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் திரும்புவது விவேகம்.

கார்ட்டிங்கிலிருந்து நேரடியாகக் கூரையுள்ள கார்களுக்கு மாறுவதும் முழுக்கச் சரியான வழியே. மஸ்டா எம்எக்ஸ்-5 கோப்பை, போர்ஷே கரேரா கோப்பை போன்ற ஒரே வகைக் கார்ப் போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே கார் என்பதால், ஓட்டுநரின் திறமை மறைய இடமில்லை. தயாரிப்பு நிறுவனங்களும் அவற்றை உன்னிப்பாகக் கவனிக்கின்றன. நியூசிலாந்தின் எர்ல் பேம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா பட்டம் வென்ற அவருக்கு, ஃபார்முலா ஏணியில் மேலே செல்லும் வழி அமையவில்லை. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் போர்ஷே கரேரா கோப்பை ஆசியா பட்டத்தையும், 2014இல் போர்ஷே சூப்பர்கப் பட்டத்தையும் வென்றார். மறு ஆண்டே, 2015இல், முதன்மை வகுப்பில் ஓடிய போர்ஷே காரில் லெ மான் பந்தயத்தையே வென்றார். ஃபார்முலா 1 அணி நடத்தும் ரெட் புல்லின் இளையோர் திட்டத்திலிருந்து 2010இல் விலக்கப்பட்ட பிரெண்டன் ஹார்ட்லி, பின்னர் நீள்நேரப் பந்தயத்துக்கு வந்து லெ மானை மூன்று முறை வென்றிருக்கிறார். ஃபார்முலா கதவு மூடிய பிறகும் ஓட்டுநரின் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்பதற்கு இவர்களைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கையும் காலும் மாற வேண்டும்

கார்ட் ஓட்டுநரின் கை சுறுசுறுப்பானது. ஸ்டீயரிங்கைச் சட்டென்று வெட்டித் திருப்பும். சாலைக் காரை அடிப்படையாகக் கொண்டு பந்தயத்துக்கு உருவாக்கப்படும் ஜிடி3 காரின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. அதைக் கார்ட் போல் வெட்டித் திருப்பினால், எடை வெளிப்பக்க முன் டயரின் மேல் ஒரேயடியாகச் சாய்ந்து, டயர் சில சுற்றுகளிலேயே சூடேறிப் பிடிப்பை இழக்கும். கையை மெதுவாக்குவதே முதல் மாற்றம்.

இரண்டாவது பிரேக். பெரும்பாலான கார்ட்களில் பின்சக்கர பிரேக் மட்டுமே உண்டு. ஜிடி3 காரில் நான்கு சக்கரங்களிலும் பெரிய பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க, பந்தயத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏபிஎஸ்ஸும் இருக்கும். முதல் நொடியிலேயே முழு வலுவோடு மிதித்து, பிறகு கார் வளைவுக்குள் திரும்பும் அளவுக்கேற்பக் காலைச் சீராகத் தளர்த்த வேண்டும். டேட்டா திரையில் இரண்டு ஓட்டுநர்களின் பிரேக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அனுபவசாலியின் கோடு செங்குத்தாக ஏறி, நீண்ட சரிவாக இறங்கும். புதியவரின் கோடு தயங்கி ஏறி, உச்சியில் நெடுநேரம் நின்று, இறுதியில் மொட்டையாக விழும். இருவரும் பிரேக் மிதிக்கத் தொடங்கும் இடம் ஒன்றாகவே இருந்தாலும், வளைவின் நடுவில் புதியவர் பின்தங்குவதற்குக் காரணம் அந்த இறங்கும் சரிவுதான். ஏபிஎஸ் இல்லாத காரில் ஒரு பருவம் ஓட்டியவருக்கு இந்தக் கால் நுணுக்கம் எளிதில் அமையும்.

சிமுலேட்டர் இப்பயிற்சிகளுக்கு உண்மையிலேயே உதவும். வீடியோ கேம் திரையிலிருந்து தேர்வாகி வந்த ஜான் மார்டன்பரோ, 2011இல் ஜிடி அகாடமி போட்டியை வென்று, 2013 லெ மானில் முதன்மை வகுப்புக்கு அடுத்த எல்எம்பி2 வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்தார். உடல் பயிற்சியையும் தள்ளிப்போட வேண்டாம். மூடிய காருக்குள் வெளியே இருப்பதைவிட வெப்பம் மிகுதி. நீர்ச்சத்து குறைந்தவுடன் முதலில் கெடுவது ஓட்டுநரின் முடிவெடுக்கும் திறன்.

நீள்நேரப் பந்தயத்தின் தொழில்நுணுக்கம்

ஜிடி3க்குக் கீழ்ப்படியான ஜிடி4 அல்லது எல்எம்பி2க்குக் கீழ்ப்படியான எல்எம்பி3 வகுப்பில் இருவர் பங்கிட்டு ஓட்டும் பந்தயங்களில் தொடங்குவது நல்லது. அங்கே முதலில் கற்பது ஓட்டுநர் மாற்றம். எரிபொருள், டயர் மாற்றத்துக்காக நிற்கும் பிட் பாதைக்குள் கார் வரும்போதே ஓட்டுபவர் பெல்ட்டைத் தளர்த்தத் தயாராகிவிடுவார். நின்றவுடன் ரேடியோ இணைப்பையும் குடிநீர்க் குழாயையும் கழற்றி வெளியேறுவார். அடுத்தவர் தன் உடல் அளவுக்கான இருக்கைப் பொதியோடு உள்ளே நுழைய, இறங்கியவர் குனிந்து அவருடைய பெல்ட்டைப் பூட்டி, ரேடியோவை இணைத்து, கதவைச் சாத்துவார். இதில் வீணாகும் ஐந்து நொடியைத் தடத்தில் மீட்க இருபது, முப்பது சுற்றுகள்கூட ஆகலாம். எனவே சோதனை நாட்களில், அணி சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு, இதைத் திரும்பத் திரும்பப் பழகுங்கள்.

குளிர்ந்த டயரில் வெளியேறும் முதல் சுற்று, பல வகுப்புக் கார்கள் கலந்து ஓடும் நெரிசல், இரவு ஆகிய மூன்றும் புதியவர்களைத் தடுமாறச் செய்யும். வேகமான வகுப்புக் கார் பின்னால் வரும்போது, வழிவிடுவதாக நினைத்துப் பாதையை மாற்றுவதே பெரும்பாலும் ஆபத்து. உங்கள் வழக்கமான கோட்டிலேயே ஓட்டுங்கள், கடந்து செல்லும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். லெ மான் விதிகளின்படி ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலும், மொத்தமாகப் பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது. எனவே தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கத் தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதியே.

தரம், ஒப்பந்தம், சம்பளம்

சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ, ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. பெரிய சாதனைகள் இன்னும் இல்லாத இளம் ஓட்டுநர் பொதுவாக வெள்ளித் தரத்தில் சேர்க்கப்படுவார். வெண்கலத் தரத்தில் இருப்பவர் பெரும்பாலும் வேறு தொழிலில் பொருளீட்டி, விருப்பத்துக்காகப் பந்தயத்துக்கு வந்தவர். பல அணிகளின் செலவைத் தாங்குபவரும் அவரே. உலக நீள்நேரச் சாம்பியன்ஷிப்பில் 2024 முதல் ஜிடி3 கார்களுக்காக நடைபெறும் எல்எம்ஜிடி3 வகுப்பில், மூவரில் ஒருவர் கட்டாயம் வெண்கலமாக இருக்க வேண்டும். இன்னொருவர் வெள்ளிக்கு மேற்பட்டவராக இருக்கக் கூடாது. ஆகவே தங்கத் தர ஓட்டுநருக்கு இணையான வேகமுள்ள வெள்ளித் தர இளைஞரை அணிகள் தேடிப் பிடிக்கின்றன.

அந்த வெண்கல ஓட்டுநரிடம் நடந்துகொள்ளும் முறையே உங்கள் அடுத்த ஆண்டை முடிவு செய்யக்கூடும். அவருடைய டேட்டாவை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஐந்து குறைகளைக் காட்டாமல், அதிக நேரம் மிச்சமாகும் ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையாக விளக்குங்கள். அவர் அரை நொடி முன்னேறினால், அது நீங்கள் கூடுதலாகக் குறைக்கும் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைவிடப் பந்தய முடிவுக்கு அதிகம் உதவும். அவருக்கு உங்களோடு ஓட்டுவது பிடித்துவிட்டால், அடுத்த பருவத்துக்கு அவரே உங்களைக் கேட்டு வாங்குவார். தொழில்முறை ஓட்டுநர் பலரின் முதல் சம்பளம் இப்படித்தான் தொடங்குகிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், விபத்துச் சேதத்துக்கு யார் பொறுப்பு, அதற்கு உச்சவரம்பு உண்டா, காப்பீடு எதுவரை ஈடுகட்டும், எத்தனை சோதனை நாட்கள், அவற்றில் எத்தனை செட் புதிய டயர், உடன் ஓட்டுபவர் யார் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். சேத உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தம், ஒரே மோதலில் குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். அத்தகைய ஒப்பந்தத்தை வழக்கறிஞர் பார்க்காமல் ஏற்காதீர்கள்.

தரங்கள் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்படுகின்றன. தொடர்ந்து வென்றால் தங்கத்துக்கு உயர்த்தப்படுவீர்கள். அப்போது வெள்ளித் தர இருக்கைகள் அனைத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். தங்கத் தரத்தில் நீங்கள் போட்டியிட வேண்டியது, தயாரிப்பு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர்களோடு. ஆகவே வெள்ளித் தரத்தில் வெற்றிகள் குவியத் தொடங்கும் ஆண்டிலேயே, தனியார் அணிகளுக்குக் கார் விற்று உதவும், தயாரிப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர் பந்தயப் பிரிவுகளோடும் இளையோர் திட்டங்களோடும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அவர்கள் உங்கள் சிறந்த சுற்றைவிட, ஒரு டயர் செட்டின் கடைசிப் பத்துச் சுற்றுகளின் சராசரியையும், கார் பற்றி நீங்கள் சொன்ன கருத்து டேட்டாவோடு பொருந்துகிறதா என்பதையும் கேட்பார்கள். அந்தச் சுற்று நேரங்களையும், ஒவ்வொரு சோதனை நாளுக்குப் பின் நீங்கள் எழுதிய அறிக்கைகளையும் ஒழுங்காகத் தொகுத்து, தர மறுபரிசீலனை முடிவு வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும்.