போக்கர் போட்டியின் கடைசிக் கட்டம்: சிப்பைத் தள்ளுங்கள், கால் செய்யத் தயங்குங்கள்

பெரிய போட்டிகளில் நாம் அதிகம் ஆடிப் பழகுவது முதல் இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான். ஐந்நூறு பேர் உட்காரும் போட்டியில் ஒன்பது பேர்தான் கடைசி மேசைக்குப் போகிறார்கள், அதனால் பல வருஷம் ஆடியவர்களுக்குக்கூட அந்தக் கட்டத்தில் கை பழகியிருக்காது. பரிசுப் பணத்தில் பெரும்பங்கு இருப்பதோ அங்கேதான்.

இதற்காகவே நாங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் கூடி, ஆட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். பணம் கிடையாது, வெறும் சிப் (பந்தய வில்லை)தான். (ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. நான் சொல்வதெல்லாம் கோவா மாதிரி இடங்களில் நேரில் நடக்கும் போட்டிகளுக்கு.) ஒன்பது பேர் உட்காருவோம், சீட்டு எழுதிக் குலுக்கி ஒருவருக்கு 40 பிளைண்ட், ஒருவருக்கு 6 பிளைண்ட் என்று ஏற்றத்தாழ்வாகச் சிப் பிரிப்போம் (பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய கட்டாயப் பந்தயம், பெரிய பிளைண்டை வைத்துத்தான் சிப்பை அளப்போம்), முதல் மூன்று இடத்துக்கு 50, 30, 20 புள்ளி. ஒரு சாயங்காலத்தில் நான்கு முறை கடைசி மேசை ஆடிவிடலாம். உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள், வேறு எந்தப் பயிற்சியும் இந்த அளவுக்கு எனக்கு உதவவில்லை.

சரி, முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, கடைசிக் கட்டத்தில் ஜெயிக்கிற சிப்பைவிடத் தோற்கிற சிப்புக்கு மதிப்பு அதிகம். ஐசிஎம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு இதுதான், நான்கு பேரை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். நான்கு பேரிடமும் சமமான சிப், பரிசு மூன்று பேருக்கு, மேலே சொன்ன அதே 50, 30, 20. இப்போது ஒவ்வொருவர் சிப்பின் மதிப்பும் 25. ஒருவர் ஆல்-இன் தள்ளுகிறார் (கையிலுள்ள சிப் முழுவதையும் பந்தயம் வைக்கிறார்), நீங்கள் கால் செய்து (அதே அளவு சிப் போட்டு) ஜெயிக்கிறீர்கள், உங்கள் சிப் இரட்டிப்பாகிறது. மதிப்பும் இரட்டித்து 50 ஆகும் என்றுதான் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் 38 சொச்சம்தான் வருகிறது, ஏனென்றால் எவ்வளவு சிப் சேர்த்தாலும் உங்களால் முதல் பரிசு ஒன்றைத்தான் வாங்க முடியும், மற்ற இரண்டும் எஞ்சியவர்களுக்குத்தான். 13 புள்ளி கூடுவதற்காக 25 புள்ளியைப் பணயம் வைக்கிறீர்கள். ஆக, பிளைண்டைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், அந்தக் கால் சரியாக இருக்க உங்களுக்கு 65 சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு வேண்டும். டைமன் ஏஸும் ஆட்டின் குயீனும் கையில் இருக்கட்டும், எதிரே இருப்பவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறவராக இருக்கட்டும், அப்போதுகூட 64 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதாவது ஏஸ்-குயீனை மடக்க (ஃபோல்ட் செய்து அந்தக் கையை விட்டுவிட) வேண்டும்.

இது தெரியாமல் நான் ஒரு போட்டியில் பரிசுக்கு இரண்டு இடம் முன்னால் ஏஸ்-ஜாக்கை வைத்துக் கால் செய்து வெளியே வந்தேன். பத்து மணி நேரம் உட்கார்ந்து ஆடியது அந்த ஒரு கையில் போனது. தப்பு எங்கே என்று அன்றைக்குப் புரியவே இல்லை, நல்ல சீட்டு, தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதே கணக்கைத் தள்ளுகிறவர் பக்கம் திருப்பிப் பாருங்கள். கால் செய்ய உங்களுக்கு 65 சதவீதம் வேண்டும் என்றால் எதிராளிக்கும் அதேதான் வேண்டும், ஆகவே நீங்கள் முதலில் தள்ளினால் அவர் பெரும்பாலும் மடக்குவார். அதே ஏஸ்-ஜாக்கை நான் முதலில் தள்ளியிருந்தால் அது நல்ல ஆட்டம். கையில் ஒரு ஏஸ் இருந்தாலே எதிரே ஏஸ் ஜோடி அமையும் வழிகள் 6-லிருந்து 3 ஆகக் குறைந்துவிடுகின்றன, அதனால் சின்ன ஏஸ்கூடத் தள்ளுவதற்கு ஏற்ற சீட்டு.

ரம்மி ஆடியவர்களுக்கு அடுத்தது சட்டென்று புரியும். 101 புள்ளி சேர்ந்தால் வெளியேற வேண்டிய 101 பூலில் 85-ல் நிற்கிறவர் 20 கொடுத்து டிராப் போட முடியாது, போட்டால் வெளியே. கம்பல்சரி, எந்தக் கை வந்தாலும் ஆடியே ஆக வேண்டும். போக்கரில் 4 பிளைண்ட் வைத்திருக்கிறவர் நிலையும் அதேதான், அவர் தள்ளினால் யாரும் பயந்து மடக்க மாட்டார்கள். அந்த நிலைக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். 10 பிளைண்டுக்கு வந்துவிட்டால் சின்ன ரைஸ் (பந்தயத்தைக் கொஞ்சம் உயர்த்துவது), சும்மா கால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆல்-இன் அல்லது ஃபோல்ட் என்று இரண்டே வழியில் ஆடுங்கள். சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட், ஒரு ஆண்டி (பிளைண்டோடு கூடுதலாகப் போடும் கட்டாயச் சிப்) சேர்ந்து நடுவில் இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது. ஒரே ஒரு முறை எல்லோரும் மடக்கினால் உங்கள் 10 பிளைண்ட் பன்னிரண்டரை ஆகிறது, கால் பங்கு கூடுதல். பட்டனிலும் (அந்தக் கைக்கு டீலராகக் கருதப்படும் இருக்கை) அதற்கு முந்தைய இருக்கையிலும் துணிந்து தள்ளுங்கள், பின்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது நல்ல சீட்டுக்கு மட்டும்.

உங்களிடம் சிப் நிறைய இருந்தால் யாரை அடிப்பது? பலர் மேசையிலேயே சின்ன ஸ்டாக்கை (சிப் குவியலை) வைத்திருப்பவரைத் தேடிப் போகிறார்கள், அது தப்பு. அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை, கால் செய்துவிடுவார். நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவரை அடியுங்கள், 3 பிளைண்டோடு இரண்டு பேர் தத்தளிக்கும்போது அவர்களுக்கு முன்னால் வெளியேற அவருக்கு மனசே வராது. அந்த நடுத்தர ஆள் நீங்களாக இருந்தால் பெரிய ஸ்டாக்கோடு மோதாமல், உங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர்களின் பிளைண்டை எடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடைசி வரை பொத்திப் பொத்தி ஆடக் கூடாது. பெரிய போட்டியில் அழுத்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2024-ல் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்டில் 10,112 பேர் ஆடினார்கள். நுழைவு 10,000 டாலர், மிகச் சிறிய பரிசு 15,000 டாலர், முதல் பரிசு 1 கோடி டாலர். பரிசு வரிசைக்குள் நுழையும் வரை அழுத்தம் அதிகம். நுழைந்த பிறகு அடுத்தடுத்த படிகளுக்கு இடையே வித்தியாசம் வெகு குறைவு, அந்த நேரத்தில் படி ஏறுவதற்காகச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் கரைந்துபோகிறார்கள். அங்கே சிப் சேர்க்கத்தான் ஆட வேண்டும், சமமான வாய்ப்பு வந்தாலும் எடுக்கலாம். கடைசி இரண்டு மேசைக்கு வரும்போது மறுபடியும் கணக்கு இறுகும், அப்போது ஒவ்வொரு இடைவேளையிலும் பரிசுப் பட்டியலைப் பார்த்து, அடுத்த பெரிய தாவல் எத்தனையாவது இடத்தில் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. இரவு பதினொரு மணிக்கு வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஒரு மணிக்கு மேல் எதிராளி சிப்பை எண்ணாமலே கால் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயிர்சாதமோ இட்லியோ போதும், இடைவேளையில் பத்து நிமிஷம் நடங்கள்.

இரண்டே பேர் மிஞ்சிவிட்டால் ஐசிஎம் கணக்கு அங்கே முடிந்துவிடும். இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி, ஒவ்வொரு சிப்புக்கும் அதே மதிப்பு, 65 சதவீதம் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டனில் இருப்பவரே சின்ன பிளைண்ட் போட்டு முதலில் பேசுவார், நடுச்சீட்டு (எல்லோருக்கும் பொதுவான சீட்டு) விழுந்த பிறகு கடைசியாகப் பேசுவார். பட்டன் உங்களிடம் வரும்போது பாதிக்கு மேற்பட்ட கைகளை ஆடுங்கள்.