ஜே-1 டாக்டர்களுக்கான கான்ராட் வேவர்: எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் ரெசிடென்ஸி (ஆஸ்பத்திரியில் மேற்பயிற்சி) செய்யும் நம்மவர்கள், இரண்டாம் வருடம் பாதி தாண்டியதும் கேட்க ஆரம்பிக்கும் கேள்வி: "அந்த ரெண்டு வருஷத்தை என்ன பண்றது?" பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருக்க வேண்டும். அதுவரை எச்-1பி வேலை விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. வருவதற்கு முன் டெல்லியில் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்' என்று, இந்தப் பயிற்சி நாட்டுக்குத் தேவை எனச் சொல்லும் கடிதம் வாங்க அலைந்தோமே, அப்போதே திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

இதற்கு மாற்றுவழிதான் வேவர், அதாவது விலக்கு. ஊரில் கழிக்க வேண்டிய இரண்டு வருடத்துக்குப் பதிலாக, டாக்டர் கிடைக்காத ஓர் அமெரிக்க ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்கும் பண்டமாற்று. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் முன்னெடுத்து 1994-ல் வந்த திட்டம். மாநிலத்துக்கு 20 இடமாகத் தொடங்கி, 2002-ல் 30 ஆனது. பிற துறையினர் தங்கள் நாட்டு அரசிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி இந்த நிபந்தனையிலிருந்து விடுபடலாம். ரெசிடென்ஸிக்கு வந்த டாக்டர்களுக்கு அந்த வழி கிடையாது.

முதல் படி: நாட்காட்டி

விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலை வேண்டும். கையில் ஒப்பந்தம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. மாநிலங்களின் 30 இடங்களும் ஒவ்வொரு அக்டோபர் 1-ம் தேதியும் புதிதாகத் திறக்கும். அடுத்த ஜூனில் பயிற்சி முடிகிறது என்றால், இந்த அக்டோபருக்குள் விண்ணப்பக் கட்டு தயாராக இருக்க வேண்டும். அதாவது கோடையிலேயே கையெழுத்தாகியிருக்க வேண்டும், அதற்கும் ஆறேழு மாதம் முன்பே தேடத் தொடங்கியிருக்க வேண்டும். டெக்சாஸ் மாதிரி பெரிய மாநிலங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆள் குறைந்த மாநிலங்களில் மீதி இருப்பதும் உண்டு. எனக்குக் கிடைத்த ஊரின் மக்கள்தொகையைச் சொன்னபோது அம்மா கேட்டார்: "நம்ம தெருவுலயே அதுக்கு மேல இருப்பாங்களேடா?"

இரண்டாம் படி: முகவரியைத் தட்டிப் பாருங்கள்

மருத்துவர் பற்றாக்குறைப் பகுதி என்று மத்திய அரசு அறிவித்த இடத்தில்தான் வேலை இருக்க வேண்டும். அமெரிக்க சுகாதாரத் துறையின் கீழ் உள்ள எச்ஆர்எஸ்ஏ இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உண்டா இல்லையா என்று வந்துவிடும். தலைமை அலுவலக முகவரி உதவாது, நோயாளியைப் பார்க்கப்போகும் கிளினிக்கின் முகவரி வேண்டும். எனக்கு முதலில் வந்த ஒப்பந்தத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் முகவரி இருந்தது, பட்டியலிலும் அது இருந்தது. நான் போகவேண்டியதோ பதினைந்து மைல் தள்ளி இருந்த கிளினிக். அதைத் தட்டினேன், இல்லை என்று வந்தது. வேலைக்கு எடுத்தவர்களுக்கே அது தெரியவில்லை. பிறகு வேறு கிளினிக்குக்கு மாற்றி எழுதினார்கள். மூன்று வாரம் போனது.

பட்டியலில் இல்லாத இடம் என்றாலும் முற்றிலும் கதவடைப்பு இல்லை. பற்றாக்குறைப் பகுதி மக்கள் அங்கே வருகிறார்கள் என்று காட்ட முடிந்தால், 30-ல் 10 இடம் வரை 'ஃபிளெக்ஸ்' என்ற பெயரில் மாநிலம் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். வாரம் 40 மணி நேரம், குறைந்தது மூன்று வருடம், வேவர் கிடைத்து 90 நாட்களுக்குள் பணியில் சேருவேன், இன்ன முகவரியில் வேலை: இவை நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வேலையை விட்டபின் சுற்றுவட்டாரத்தில் பிராக்டிஸ் செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் பல மாநிலங்கள் கட்டைத் திருப்பிவிடும். அவரவர் மாநில சுகாதாரத் துறை வெளியிடும் விதிகளை வரிக்கு வரி படியுங்கள். சிலர் குடும்ப மருத்துவம், மனநலம் போன்றவற்றுக்கே முன்னுரிமை தருவார்கள்.

நான்காம் படி: கட்டு கட்டுவது

அமெரிக்க வெளியுறவுத் துறை இணையதளத்தில் டிஎஸ்-3035 படிவத்தை நிரப்பினால் ஒரு வழக்கு எண் வரும். கட்டணம் 120 டாலர். கட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேனாவாலேயே எழுதி முடித்தேன், விரல் மரத்துப்போனது. வந்த நாள் முதல் வாங்கிய எல்லா டிஎஸ்-2019 (ஜே-1 தகுதிச் சான்று) நகல்களும் வேண்டும். என்னுடைய முதல் வருடத்தாள் பழைய பாஸ்போர்ட்டோடு மதுரையில் பீரோவுக்குள் இருந்தது. அம்மா அதை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பினார், கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருந்தது. இரண்டாம் முறை எடுத்தபோதுதான் சரியாக வந்தது. இப்போதே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

ஐந்தாம் படி: மூன்று மேஜைகள்

மாநிலம் சம்மதித்து வெளியுறவுத் துறைக்கு அனுப்பும், அவர்கள் குடியேற்றத் துறைக்குப் பரிந்துரைப்பார்கள், அங்கிருந்து ஒப்புதல் வரும். அதன்பின் எச்-1பி. இதற்கு வழக்கமான எச்-1பி லாட்டரி (குலுக்கல்) கிடையாது என்பதே பெரிய நிம்மதி. ஒரு எச்சரிக்கை: வெளியுறவுத் துறை பரிந்துரைத்த பிறகு ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. ஃபெலோஷிப் (ரெசிடென்ஸிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) செய்யும் ஆசை இருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மாநில இடம் தீர்ந்துவிட்டதா? அப்பலேச்சியப் பகுதி ஆணையம், மிசிசிப்பிப் பகுதிக்கான டெல்டா ஆணையம், முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள் என்று வேறு கதவுகளும் உண்டு. அவற்றுக்கு 30 என்ற எண்ணிக்கை இல்லை.

மூன்று வருடத்தின் நடுவில் இஷ்டத்துக்கு வேலை மாற முடியாது. ஆஸ்பத்திரியே மூடிவிட்டது போன்ற தக்க காரணம் இல்லாமல் விட்டுப் போனால், அந்த இரண்டு வருடம் திரும்பவும் தலையில் வந்து விழும். முடித்த பிறகு கிரீன் கார்டு. பற்றாக்குறைப் பகுதியில் மொத்தம் ஐந்து வருடம் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு வழி உண்டு, வேவரின் மூன்று வருடமும் அதில் சேரும். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசையின் நீளம் தனிப் பதிவுக்கான சோகம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.